விரிசல் விட்ட இன்டேக் மேனிஃபோல்ட்: அடைத்து ஓட்டுவதா, மாற்றிவிடுவதா?

நான்காம்கியர்:
என்னுடையது இருபது ஆண்டைத் தாண்டிய பெட்ரோல் கார். நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்ட் பிளாஸ்டிக்கால் ஆனது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்குகிறது. மூன்றாவது ரன்னருக்கு (மேனிஃபோல்டிலிருந்து ஒரு சிலிண்டருக்குப் போகும் கிளைக் குழாய்) அடியிலிருந்து மெல்லிய விசில் சத்தம் வருகிறது. சூடேறியதும் அது அடங்கிவிடுகிறது. செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, கோடு பி0171, அதாவது கலவையில் காற்று அதிகம், எரிபொருள் குறைவு. ஸ்கேனரில் பார்த்தால் நீண்டகால எரிபொருள் திருத்தம் (அதை ஈடுகட்ட எஞ்சின் கணினி கூட்டித் தரும் எரிபொருள்) ஐடிலில் +19 சதவீதம், 2,500 ஆர்பிஎம்மில் +4. கண்ணாடியும் டார்ச்சும் வைத்துத் தேடியதில், மேல் பாதியும் கீழ் பாதியும் சேரும் இணைப்புக் கோட்டை ஒட்டி, விரல் நீளத்துக்குத் தலைமுடி போன்ற விரிசல் ஓடுவது தெரிந்தது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்கிறார் மெக்கானிக். தயாரிப்பாளர் இந்தப் பாகத்தை நிறுத்திவிட்டார். வெளி நிறுவனத் தயாரிப்பு ஒன்றும், உடைத்த வண்டியிலிருந்து கழற்றிய பழையது ஒன்றும் கிடைக்கின்றன. எபாக்ஸி வைத்து அடைத்தால் போதாதா?

கரிப்புகை:
போதாது. இத்தகைய மேனிஃபோல்ட்கள் பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்த நைலானில் வார்க்கப்பட்டு, இரண்டு பாதிகளாக வந்து, அதிர்வு வெல்டிங்கால் ஒன்றாக்கப்படுபவை. இணைப்புக் கோட்டைக் கடந்து இழைகள் போவதில்லை என்பதால், அங்கே தாங்கி நிற்பது வெறும் நைலான்தான். அந்த இடத்தில் விரிசல் விழுந்திருக்கிறது என்றால், ஆண்டுக்கணக்கில் சூடாகியும் குளிர்ந்தும் நைலானே நொறுங்கும் பதத்துக்கு வந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். நீங்கள் கண்ணால் கண்டது ஒரு விரிசல். அதே வயதும் அதே வெப்பமும் மீதமுள்ள இணைப்புக் கோடு முழுவதற்கும் உண்டு. இதைவிட மோசமானது, அடைத்த எபாக்ஸி பெயர்ந்து உள்ளே இழுக்கப்பட்டால் அது போய்ச் சேரும் இடம் வால்வும் சிலிண்டரும்தான்.

ஒட்டுவேலை:
கரிப்புகை எப்போதும் கடைசிப் படியிலிருந்துதான் தொடங்குவார். எல்லா மேனிஃபோல்டையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது. பிளாஸ்டிக் மேனிஃபோல்ட்களுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தவை எவை என்று பாருங்கள். 1990-களின் பிற்பகுதியில் வந்த ஃபோர்டின் 4.6 லிட்டர் வி8 எஞ்சினில் மேனிஃபோல்டின் முன்பகுதியில் கூலன்ட் பாதை பிளாஸ்டிக்கிலேயே இருந்தது. வெடித்தது அந்தப் பகுதி. பிறகு அதை அலுமினியமாக மாற்றினார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் 3800 வரிசை வி6 எஞ்சினில் இஜிஆர் வாயு (எஞ்சினுக்கே திருப்பி விடப்படும் புகைவாயு) வரும் சூடான குழாய் பிளாஸ்டிக்கைத் தின்றது. இரண்டிலும் பிளாஸ்டிக்கோடு மோதியது வெந்நீரோ வெப்ப வாயுவோதான். கேட்டவரின் மேனிஃபோல்டில் காற்று மட்டுமே போகிறது என்றால், டர்போவும் இல்லாத நிலையில், அதன் சுவர் தாங்க வேண்டிய அழுத்த வேறுபாடு அதிகபட்சம் ஒரு வளிமண்டலத்துக்குள் அடங்கும். அதுவும் வெளியிலிருந்து உள்நோக்கி அழுத்துவது. வெளிப்புறம் சரியாகப் போட்ட ஒட்டு அந்த அழுத்தத்தால் விரிசலின் மீது இன்னும் இறுக்கமாக அமரும். உள்ளே பெயர்ந்து போக வாய்ப்பு குறைவு.

கரிப்புகை:
அழுத்தம் பற்றிய உங்கள் கணக்கு சரி. ஒட்டைப் பெயர்ப்பது அழுத்தம் மட்டும் அல்ல என்பதை விட்டுவிட்டீர்கள். இழை கலந்த நைலான், இழை ஓடும் திசையில் ஓரளவும் குறுக்கே அதைவிட அதிகமாகவும் விரியும்; மேலே பூசிய எபாக்ஸி தன் போக்கில் விரியும். ஒவ்வொரு முறை சூடேறும்போதும் இரண்டுக்கும் நடுவே இழுபறிதான். சாதாரணக் கடை எபாக்ஸி 60 முதல் 80 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். ஓடிய வண்டியை நிறுத்தியவுடன் பானட்டுக்கடியில் தேங்கும் வெப்பம் அதைத் தாண்டும். போதாததற்கு, இருபது ஆண்டாக எண்ணெய் ஆவி படிந்த நைலானில் எந்தப் பசையும் எளிதில் பிடிக்காது.

ஒட்டுவேலை:
நான் கடை எபாக்ஸியைச் சொல்லவில்லை. உயர் வெப்பம் தாங்கும் வகைகள் இருக்கின்றன. மேனிஃபோல்டைக் கழற்றி, எண்ணெய் நீக்கி, விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, சுற்றிச் சொரசொரப்பாகத் தேய்த்து, கண்ணாடித் துணி வைத்துப் பூசினால் வருவது வேறு வேலை. அலுமினிய மேனிஃபோல்டாக இருந்தால் டிக் வெல்டிங்கே செய்துவிடலாம், அதில் உங்களுக்கும் மறுப்பு இருக்காது.

கரிப்புகை:
அலுமினியத்தில் மறுப்பில்லை. ஆனால் வெல்டிங் வெப்பத்தில் ஃபிளாஞ்ச் (எஞ்சினோடு சேர்த்துப் பூட்டும் தட்டையான முகப்பு) கோணிப்போகும். நேர்கோல் வைத்து இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்து, தேவையானால் மில்லிங் செய்த பிறகே பூட்ட வேண்டும். பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை, கழற்றுவதுதான் பாதி வேலைக்கு மேல். அவ்வளவும் கழற்றிவிட்டுப் பழையதையே திரும்ப மாட்டுவதில் என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அளவுகோல்:
இருவரும் ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். காற்றுக் கசிவு அந்த விரிசலில் மட்டும்தானா? ஐடிலில் +19-ம் 2,500-ல் +4-ம் வேக்குவம் கசிவுக்கே (வெளிக்காற்று திருட்டுத்தனமாக உள்ளே நுழைவதற்கே) உரிய அடையாளம் என்பதில் சந்தேகமில்லை: ஐடிலில், காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டில் மூடியிருப்பதால் எஞ்சின் இழுக்கும் காற்று குறைவு, அதில் திருட்டுக் காற்றின் பங்கு பெரிது, வேகம் கூடக்கூட அந்தப் பங்கு கரைந்துவிடும். எரிபொருள் பம்ப்போ அடைபட்ட ஃபில்டரோ காரணமாக இருந்தால் எண்கள் தலைகீழாக ஏறியிருக்கும். ஆனால் இந்த எண்கள் எந்த இடம் என்பதைச் சொல்லாது. கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓ-ரிங், எஞ்சினின் எண்ணெய் ஆவியை இழுக்கும் பிசிவி ஹோஸ், பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய் எல்லாமே இதே எண்களைத் தரும். கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சிப் பார்க்கும் பழக்கத்தை, சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் இருக்கும் வண்டியில் நான் பரிந்துரைக்க மாட்டேன், தீப்பிடிக்கும். புகைச் சோதனை செய்யுங்கள், அதாவது மேனிஃபோல்டுக்குள் புகையைச் செலுத்தி அது எங்கே வெளியேறுகிறது என்று பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே செய்யுங்கள், ஏனென்றால் உங்கள் விரிசல் சூட்டில் மூடிக்கொள்கிறது. கூடவே எஞ்சின் மவுண்ட் உடைந்திருக்கிறதா, மேனிஃபோல்டைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். தாங்கு இல்லாமல் ஆடியதால் விரிந்திருந்தால் புதியதும் அதே இடத்தில் விரியும்.

நான்காம்கியர்:
அளவுகோல் சொன்னபடி, குளிர்ந்த எஞ்சினில் புகைச் சோதனை செய்யப்பட்டது. நான் கண்ட விரிசலில் புகை வந்தது. அதோடு, அதே இணைப்புக் கோட்டில், எஞ்சின் பக்கம் திரும்பியிருக்கும், கண்ணாடிக்கும் எட்டாத ஓரிடத்திலிருந்தும் நூல் போலப் புகை எழுந்தது. மவுண்ட் நன்றாக இருக்கிறது. கீழ் பிராக்கெட்டின் போல்ட் ஒன்று இல்லவே இல்லை. கூலன்ட் பாதை மேனிஃபோல்ட் வழியாகப் போகவில்லை.

ஒட்டுவேலை:
ஒரே கோட்டில் இரண்டாவது இடமும் என்றால் இந்த மேனிஃபோல்டுக்கு என் வாதம் பொருந்தாது, மாற்றுங்கள். ஒற்றை விரிசலுக்கு நான் சொன்னது அப்படியே நிற்கிறது. ஆனால் வெளி நிறுவனத் தயாரிப்பை வாங்குவதைவிட, கழற்றிய அசல் மேனிஃபோல்டையே தேடுவேன். போலச் செய்தவற்றில் ஃபிளாஞ்ச் சமமாக இருப்பதில்லை, சென்சார் அமரும் துளைகள் அரை மில்லிமீட்டர் தள்ளி இருக்கும்.

கரிப்புகை:
அதே வயதுள்ள நைலானை வாங்கி மாட்டச் சொல்கிறீர்கள். அசல் என்ற முத்திரை நைலானின் வயதைக் குறைக்காது. புதியதை வாங்கி, பூட்டும் முன் நேர்கோல் வைத்துச் சரிபார்த்து, கோணல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பழையதற்குள் எப்போது விரிசல் தொடங்கும் என்பதை எந்தக் கோலும் காட்டாது.

அளவுகோல்:
இதில் கரிப்புகை பக்கம்தான் நான், பழையது மிகக் குறைவாக ஓடிய வண்டியிலிருந்து வந்தது என்பதற்குச் சான்று இருந்தாலொழிய.

பூட்டும் வேலையைப் பற்றிச் சில சொற்கள், ஏனெனில் நல்ல பாகங்கள் அங்கேதான் கெடுகின்றன. பம்ப் ரிலேயைப் பிடுங்கி எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு எரிபொருள் அழுத்தத்தை இறக்கிய பிறகு, பேட்டரியைக் கழற்றிவிட்டு, இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் தரும் ஃப்யூயல் ரெயிலில் கை வையுங்கள். பழையது வெளியே வந்தவுடன் சிலிண்டர் ஹெட்டின் துளைகளில் சுத்தமான துணியை அடைத்துவிடுங்கள். ஒட்டியிருக்கும் கேஸ்கெட்டை பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். சுழலும் உராய்வு வட்டு வேண்டாம், அதிலிருந்து உதிரும் துகள் எண்ணெயில் கலந்தால் பேரிங்குகளை அரித்துவிடும். இன்ஜெக்டர் ஓ-ரிங்குகளைப் புதிதாகப் போட்டு, எஞ்சின் ஆயில் தொட்டு வழுக்கி அமர்த்துங்கள். ரப்பர் கேஸ்கெட்டுக்கு சிலிக்கான் பூச வேண்டாம், உங்கள் எஞ்சினின் கையேடு குறிப்பிட்ட இடத்தில் கேட்டாலொழிய. போல்ட்களை நடுவிலிருந்து வெளிப்புறமாக, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். பிளாஸ்டிக் மேனிஃபோல்டுக்கான டார்க் (போல்டை இறுக்கும் முறுக்கு விசை) மிகச் சிறிய எண்ணாக இருக்கும். சக்கர நட்டுக்கு வைத்திருக்கும் பெரிய டார்க் ரெஞ்ச் அந்த அளவில் சரியாகப் பேசாது, சிறியதைக் கடன் வாங்கியாவது பயன்படுத்துங்கள்.

ஒட்டுவேலை:
அந்தக் கீழ் பிராக்கெட் போல்டைக் கடைசியில் இறுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹெட் பக்கம் முழுதாக அமர்வதற்கு முன் அதை இறுக்கினால், புதிய மேனிஃபோல்ட் முதல் நாளிலிருந்தே வளைந்த நிலையில்தான் உட்கார்ந்திருக்கும்.

நான்காம்கியர்:
புதியதற்கே சொல்லிவிட்டேன், கேஸ்கெட், ஓ-ரிங்குகளோடு அந்த போல்டும் பட்டியலில் இருக்கிறது. பூட்டிய பிறகு ஸ்கேனரில் பழைய திருத்தங்களை அழித்துவிட்டு, குளிர்ந்த ஐடிலில் வரும் எண்களை இங்கே பதிகிறேன்.