மறு: ரிவால்வர் – சுழல்துப்பாக்கி என்றால் போதுமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

> ரிவால்வர் என்றால் சுழல்துப்பாக்கி. ஏற்கெனவே புழங்கும் சொல். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

புழங்குகிறது ஐயா, மறுக்கவில்லை. ஆனால் சுழல்வது எது? சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற கருவியில் குழல் அசையாது, பிடியும் அசையாது. குண்டும் மருந்தும் அடைத்த அறைகள் உள்ள உருளை மட்டும் திரும்பும். குதிரை என்பது பின்னுக்கு இழுத்து விட்டால் அடித்து வெடிக்க வைக்கும் சுத்தியல் போன்ற பகுதி. கட்டைவிரலால் அதைப் பின்னுக்கு இழுத்தால் உருளை ஓர் அறை அளவு நகர்ந்து, அடுத்த அறை குழலுக்கு நேராக வந்து பூட்டிக்கொள்ளும். சுழலும் உருளை அவருக்கு முன்பே உண்டு. 1718இல் இலண்டனில் ஜேம்ஸ் பக்கிள் காப்புரிமை வாங்கிய முக்காலித் துப்பாக்கியில் அதைக் கையால் திருப்ப வேண்டியிருந்தது. இழுப்பதையும் திருப்புவதையும் ஒரே அசைவாகக் கோத்ததில்தான் கோல்ட்டின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. (இளவயதில் கல்கத்தா போகும் கப்பலில் வேலை செய்தபோது மரத்தில் மாதிரி செதுக்கினார் என்று ஒரு கதையும் உண்டு.)

குழல்களே கொத்தாகச் சுற்றும் துப்பாக்கி வேறு இருக்கிறது: 1862இல் காப்புரிமை பெற்ற கேட்லிங். சுழல்துப்பாக்கி என்ற பெயர் நியாயமாக அதற்குத்தான் போக வேண்டும். ரிவால்வருக்கு என் பரிந்துரை 'சுழலறைத் துப்பாக்கி'. பள்ளிப் பாடத்தின்படி பார்த்தால் உருளைதான் சுழல்கிறது, அறைகள் அச்சைச் சுற்றுகின்றன, எனவே 'சுற்றறை'தான் சரி என்று ஒருவர் எழுதியிருந்தார். கணக்கு சரி. ஆனால் காதில் சுற்றறிக்கை என்று விழுகிறதே!

> எல்லாவற்றையும் கைத்துப்பாக்கி என்றே எழுதிவிடலாம்.

கதைக்குப் போதும். தீர்ப்பை மொழிபெயர்ப்பவருக்குப் போதாது. பிஸ்டல் சுட்டதும் வெற்றுத் தோட்டா உறையை வெளியே தள்ளிவிடும்; ரிவால்வரில் உறை உருளைக்குள்ளேயே தங்கும், நாமாக எடுத்தால்தான் உண்டு. சம்பவ இடத்தில் உறை கிடந்ததா இல்லையா என்பதை வைத்தே வாதம் நடக்கும் வழக்கில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சும்மா விடமாட்டார். வரலாற்று நூல்களிலும் கவனம் வேண்டும். 1911இல் மணியாச்சியில் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். 1948இல் கோட்சே வைத்திருந்தது இத்தாலியப் பெரெட்டா, அதுவும் பிஸ்டல்தான். இவற்றைக் கைத்துப்பாக்கி என்றால் பிழையில்லை, ரிவால்வர் என்றால் பிழை. ஆகவே கைத்துப்பாக்கி பொதுச்சொல்லாகவும் சுழலறைத் துப்பாக்கி அதற்குள் ஒரு வகையாகவும் இருக்கட்டும்.

துப்பாக்கி துருக்கியிலிருந்து வந்த சொல், அதையும் மாற்றுவோம் என்ற கோரிக்கையை நான் தொடப்போவதில்லை. குறளில் வரும் துப்பாக்கி உணவை ஆக்குவது. அது இங்கே சாட்சிக்கு வராது.

இனி, சுடாத ரிவால்வர்கள். ஜூல்ஸ் ஜான்சென் என்ற பிரெஞ்சு வானியலாளர், 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனைக் கடந்ததைப் பதிவு செய்யச் சுழலும் தட்டு வைத்த ஒளிப்படக் கருவி ஒன்றை உருவாக்கினார். 72 நொடியில் 48 படம் எடுக்கக்கூடியது. பெயர் 'ஒளிப்பட ரிவால்வர்'. இதைத் துப்பாக்கி என்று பெயர்த்தால் படிப்பவர் திகைப்பார். சுழல்தட்டு ஒளிப்படக் கருவி என்றால் வேலை முடிந்தது. ஜெர்மன்காரர்கள் நுண்ணோக்கியில் லென்சுகளை மாற்றித் திருப்பும் பகுதியையும், வெட்டுளிகளை மாற்றித் திருப்பும் கடைசல் இயந்திரத்தையும்கூட ரிவால்வர் என்றே அழைக்கிறார்கள். அந்த இயந்திரம் நம் பட்டறைகளில் டர்ரெட் லேத். பெரும்பாலும் ஆறு முகம் இருப்பதால் 'அறுமுகக் கடைசல்' என்று வைத்தால் கோயம்புத்தூரில் உடனே ஒட்டிக்கொள்ளும். எட்டு முகத்தோடும் வருகிறது என்பதால் ஆசையை அடக்கிக்கொண்டு 'சுழல்முகக் கடைசல்' என்கிறேன்.

வங்கித் துறையில் எடுத்து, கட்டி, மறுபடி எடுக்கும் கடன் வரம்புக்கும் ரிவால்வர் என்றே பெயர். இதற்குச் சிரமமே இல்லை. மகளிர் குழுக்களுக்குக் கொடுக்கும் 'சுழல்நிதி' ஊரறிந்த சொல், ஆகவே 'சுழல்கடன்'. கிரெடிட் கார்டில் முழுத்தொகையும் கட்டாமல் மீதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளுபவரையும் அங்கே ரிவால்வர் என்கிறார்கள். அவருக்குச் சுழல் எதற்கு? 'பாக்கிதாரர்' என்றால் எல்லாருக்கும் புரியும். துப்பாக்கியிலும் பாக்கி இருப்பது போனஸ்.

ஒரு சிக்கல் மட்டும் எனக்குத் தீரவில்லை. குதிரையைக் கட்டைவிரலால் இழுத்துவிட்டுப் பிறகு விசையை (சுடுவதற்கு ஆள்காட்டி விரலால் அழுத்தும் ட்ரிகரை) அழுத்துவது ஒரு வகை. விசையை அழுத்தினாலே குதிரை பின்னுக்குப் போய், உருளையும் திரும்பி, வெடிப்பது இன்னொரு வகை. இங்கிலாந்தில் ராபர்ட் ஆடம்ஸ் 1851இல் கொண்டுவந்தது இந்த இரண்டாம் இனம்தான். ஆங்கிலத்தில் முதலாவது சிங்கிள் ஆக்‌ஷன், இரண்டாவது டபுள் ஆக்‌ஷன். ஒருவினை, இருவினை என்று பெயர்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இருவினை என்றால் நல்வினை, தீவினை ஆயிற்றே; 'இருவினைத் துப்பாக்கி' என்று எழுதினால் சைவ சித்தாந்தம் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். 'தனியிழுப்பு', 'விசையிழுப்பு' என்று வைக்கலாமா? பட்டறைப் பழக்கம் உள்ளவர்கள் யாராவது சொல்லுங்கள்.