சின்ன ஆபீஸ் நெட்வொர்க்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

திருப்பூர், பனியன் கம்பெனிகளுக்கு நெட்வொர்க் பார்ப்பவர்:

பெரிய டேட்டா சென்டர் கதைகள் வேண்டாம். ஸ்விட்ச் பீரோ மேலேயும் எல்லோரும் ஃபைல் போடும் ஸ்டோரேஜ் பெட்டி (நாஸ்) முதலாளியின் மேஜைக்குக் கீழேயும் இருக்கும் இடங்களில் வேலை பார்ப்பவர்கள் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

ஒரு நிட்டிங் யூனிட்டிலிருந்து போன். "காலையில பாதி சிஸ்டத்துல நெட் வருது, பாதியில வரல. மத்தியானம் பார்த்தா வேற சிஸ்டத்துல வரல." நான் போவதற்குள் இணைய கம்பெனி ஆள் மோடத்தை மாற்றிவிட்டிருந்தார், அக்கவுண்டண்ட் டேலியை மறுபடி இன்ஸ்டால் செய்திருந்தார், ஆண்டிவைரஸும் புதிதாகிவிட்டது. பிரச்சினை மட்டும் அப்படியே இருந்தது. 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு) போக வேண்டும் என்பதால் ஆடிட்டர் ஆபீஸிலிருந்தும் நச்சரிப்பு.

நெட் வராத சிஸ்டத்தில் ஐபிகான்ஃபிக் (சிஸ்டத்தின் நெட்வொர்க் முகவரியைக் காட்டும் கட்டளை) அடித்துப் பார்த்தேன். 192.168.0 வரிசையில் முகவரி. நெட் வருகிற சிஸ்டத்தில் 192.168.1 வரிசை. பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. ஒரே ஆபீஸில் இரண்டு டிஎச்சிபி, அதாவது முகவரி பங்கிடும் சேவைகள், முகவரி கொடுத்துக்கொண்டிருக்கின்றன. கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தனக்கு ஒரு முகவரி வேண்டும் என்று நெட்வொர்க் முழுக்கக் கேட்கும். யார் முதலில் பதில் சொல்கிறார்களோ, பெரும்பாலும் அவர்களிடம் வாங்கிக்கொள்ளும். தவறான ஆளிடம் வாங்கினால் நெட் வராது. அதனால்தான் காலையில் ஒரு சிஸ்டம், மத்தியானம் வேறொன்று என்று மாறி மாறி ஆட்டம் காட்டியிருக்கிறது.

அந்த இரண்டாவது ஆளைக் கண்டுபிடிக்க வேண்டுமே. 192.168.0.1க்கு நிற்காமல் பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்ப்பது) ஓடவிட்டு, ஸ்விட்சில் ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன். பேக்கிங் செக்‌ஷன் கேபிளைப் பிடுங்கியதும் பிங் நின்றது. போய்ப் பார்த்தால் அயர்னிங் டேபிளுக்குப் பின்னால், அட்டைப்பெட்டி அடுக்கின் மேல், பஞ்சு படிந்த பழைய வைஃபை ரவுட்டர். சூப்பர்வைசர் வீட்டில் ஃபைபர் போட்டபோது மிச்சமானதாம். இங்கே கொண்டுவந்து லேன் போர்ட்டில் கேபிளைச் சொருகிவிட்டார். அவரைத் திட்டி என்ன பயன்? பேக்கிங்கில் பார்கோடு ஸ்கேன் செய்யும் போனுக்கு அந்த மூலையில் நிஜமாகவே சிக்னல் கிடையாது. அதே ரவுட்டரில் டிஎச்சிபியை நிறுத்தி, அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றி (மெயின் ரவுட்டர் பங்கிடும் வரிசைக்கு வெளியே), பழையபடி லேன் போர்ட்டிலேயே மாட்டினேன். வெறும் வைஃபை பாயிண்ட்டாக இப்போதும் ஓடுகிறது.

சின்ன இடங்களில் பெட்டி தானாகக் கெட்டுப்போவதை நான் அதிகம் பார்த்ததில்லை. யாரோ எதையோ சொருகியிருப்பார்கள், பிடுங்கியிருப்பார்கள், நகர்த்தியிருப்பார்கள். அதனால் மோடத்தைத் தொடுவதற்கு முன்னால் டீ கொண்டுவரும் பையன் வரை எல்லோரிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுவேன். ஒரு இடத்தில் மொத்த ஆபீஸும் நின்றுபோனதற்குக் காரணம், கூட்டிப் பெருக்கும் அக்கா கீழே தொங்கிய கேபிள் நுனியைப் பார்த்து, பாவம் கழன்றுவிட்டது போல என்று அதே ஸ்விட்சில் சொருகியது. இரண்டு முனையும் ஒரே ஸ்விட்சில். அத்தனை லைட்டும் ஒன்றாக வெறிபிடித்தாற்போல் மின்னினால் முதலில் இந்த லூப்பைத்தான் தேட வேண்டும்.

அப்புறம் டேலி. டேட்டா இன்னொரு சிஸ்டத்தில் இருக்கும்போது வைஃபையில் உட்கார்ந்து என்ட்ரி போடாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் இணைப்பு அறுந்தால் டேட்டா பழுதாக வாய்ப்பு அதிகம். கேபிள் இழுக்கச் சோம்பல்பட்டால் ரீரைட்டில் (பழுதான டேட்டாவைச் சரிசெய்யும் வேலை) உட்கார வேண்டியதுதான்.

சிவகாசி, ஆஃப்செட் பிரஸ்:

அண்ணா, உங்களுக்கு உள்ளேயிருந்து வந்தது. எங்களுக்கு வெளியிலிருந்து. ஆனால் வழி விட்டது உள்ளே இருந்தவர்கள்தான்.

ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியாகி, ஆர்டர் குவிகிற நேரம். டிசைனர் இரவில் வீட்டிலிருந்து வேலை பார்க்க வேண்டும் என்று ஸ்டாட்டிக் (மாறாத) ஐபி வாங்கி, ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டை ரவுட்டரில் நேராகத் திறந்துவிட்டிருந்தார்கள். பாஸ்வேர்டு, கம்பெனி பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். ஒரு காலையில் ஃபைல் பெயர்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் புரியாத எழுத்துகள், ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு ஒரு குறிப்பு.

முதலாளி பதறவில்லை. "நாஸ்ல ரெண்டு டிஸ்க் இருக்குல்ல, ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும்னு சொல்லித்தானே வித்தான்?" என்றார். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே காப்பி வைக்கும் ரெய்டு 1 காப்பாற்றுவது டிஸ்க் செத்தால் மட்டும்தான் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. ஒரு டிஸ்க்கில் ஃபைல் பூட்டப்பட்டால் மற்றதிலும் அதே நொடியில் பூட்டப்படும். ஒன்றில் எழுதியதை மற்றதிலும் அப்படியே எழுதுவதுதான் அதன் வேலை. பேக்கப் என்று வைத்திருந்த யுஎஸ்பி டிஸ்க்கும் டிசைன் சிஸ்டத்தில் எந்நேரமும் சொருகியே கிடந்தது. அதுவும் போச்சு.

மிஞ்சியது இரண்டு. மேனேஜர் சனிக்கிழமை தோறும் ஒரு டிஸ்க்கில் காப்பி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவார். நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான். இன்னொன்று யாரும் நினைத்துப் பார்க்காதது: பிளேட் எடுக்கும் சிடிபி மிஷினின் கம்ப்யூட்டர். அது நாஸை டிரைவாக மாட்டிக்கொள்ளவில்லை, பென் டிரைவில்தான் ஃபைல் போகும். பிளேட்டுக்குப் போன பிடிஎஃப் அத்தனையும் அதில் பத்திரமாக இருந்தது. லேயர் லேயராகத் திருத்த முடியாதுதான், ஆனால் ரீபிரிண்ட் ஓட்ட அது போதும். நடுவில் மிச்சமிருந்த டிசைன்களை வாட்ஸாப்பில் போன புரூஃபைப் பார்த்துத் திரும்பப் போட்டார்கள். ஒரு வாரம் யாருக்கும் தூக்கமில்லை.

இப்போது போர்ட் எதுவும் திறந்தில்லை. ரவுட்டரிலேயே விபிஎன் (வெளியாள் நுழைய முடியாத தனி வழி) போட்டு அதற்குள்தான் ரிமோட். நாஸில் ஸ்னாப்ஷாட் (அந்தந்த நேரத்து நிலையின் பதிவு) ஓடுகிறது. அதன் அட்மின் பாஸ்வேர்டு எந்த விண்டோஸ் சிஸ்டத்திலும் சேமித்து வைக்கப்படவில்லை. டிஸ்க் இரண்டு, மாறி மாறி, ஒன்று எப்போதும் ஆபீஸுக்கு வெளியே. மாதம் ஒருமுறை அதிலிருந்து கைக்கு வந்த ஃபோல்டர் ஒன்றைத் திரும்ப எடுத்து, டிசைனரையே திறந்து பார்க்கச் சொல்கிறோம்.

திருப்பூர்:

3389ஐ வேறு நம்பருக்கு மாற்றினால் போதும் என்று இன்னமும் சொல்லிக்கொடுக்கிறார்கள். எல்லா நம்பரையும் தட்டிப் பார்க்கும் புரோகிராமுக்கு அது கொஞ்ச நேரத் தாமதம்தான். விபிஎன் போட்டதுதான் சரி.

கோவை, இன்ஜினீயரிங் ஒர்க்‌ஷாப்:

எங்களுடையது இடி. ஆபீஸ் ஒரு ஷெட், லேத் எல்லாம் எதிர் ஷெட். நடுவில் கேட்6 கேபிள் வெளியே தொங்கும். தூரம் 100 மீட்டருக்குள்தான், வேகத்துக்கு ஒன்றும் குறைவில்லை. ஐப்பசியில் ஒரு பெரிய இடிக்கு இரண்டு பக்க ஸ்விட்சும் ஒரு மதர்போர்டும் காலி. ஸ்விட்சை மாற்றினார்கள், கேபிளை அப்படியே விட்டுவிட்டார்கள். அடுத்த மழையில் மறுபடியும் அதே கதை. நேராகக் கேபிள் மேல் இடி விழ வேண்டும் என்றுகூட இல்லை. பக்கத்தில் எங்காவது விழுந்தாலே இரண்டு ஷெட்டின் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் வித்தியாசம் எகிறும், அது பாய்வதற்குத் தாமிரம் தயாராக இருக்கிறது.

இப்போது நடுவில் ஃபைபர், இரண்டு பக்கமும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் சாதாரணக் கேபிளையும் இணைக்கும் பெட்டி). கவனம்: கடையில் ஆர்மர்டு கேபிள் கெட்டியானது என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதில் உலோகம் இருக்கிறது, வீட்டுக்கு இழுக்கும் சில டிராப் கேபிளிலும் கம்பி ஓடும். உலோகமே இல்லாததைக் கேட்டு வாங்குங்கள்.

கும்பகோணம், ரத்தப் பரிசோதனை லேப்:

சுருக்கமாக ஒன்று. ரிப்போர்ட் போவது நிற்கக் கூடாது என்று இரண்டு கம்பெனி இணைப்பு, இரண்டு வேன் (WAN, இணையம் உள்ளே வரும்) போர்ட் உள்ள ரவுட்டர் என்று ஜோராகத்தான் வைத்திருந்தோம். தெருமுனையில் வைக்கோல் லாரி ஒன்று இரண்டு ஒயரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டும் ஒரே கரண்ட் கம்பத்தில் வந்துகொண்டிருந்தது! இப்போது இரண்டாவது இணைப்பு 4ஜி சிம். ஆனால் சிம்மில் ஓடும்போது வெளியிலிருந்து சிசிடிவி பார்க்க முடியவில்லை. போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வருவதை உள்ளே திருப்பிவிடுவது) எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஏன் சார்?

திருப்பூர்:

ரவுட்டரில் வேன் பக்கம் என்ன ஐபி காட்டுகிறது என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை, அல்லது 10இல் தொடங்கினால், உங்களுக்குத் தனி பப்ளிக் ஐபி இல்லை. உங்களோடு எத்தனையோ பேர் ஒரே ஐபியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். வெளியிலிருந்து வருவது உங்கள் ரவுட்டர் வரை வந்தே சேராது, நீங்கள் என்ன திறந்து வைத்தாலும். டிவிஆரின் (கேமரா ரெக்கார்டரின்) சொந்த ஆப் வழியாகப் பாருங்கள், அது உள்ளேயிருந்து வெளியே போகும் இணைப்பு. அந்தப் போர்ட்டையும் மூடிவிடுங்கள், சிவகாசிக்காரர் எழுதியதைப் படித்தீர்கள் அல்லவா?

ஈரோடு, ஜவுளிக் கடை:

அண்ணா, எனக்கும் ஒரு சந்தேகம். புதிதாக இரண்டு விண்டோஸ் 11 சிஸ்டம் வாங்கினோம். பழைய நாஸில் பாஸ்வேர்டு கிடையாது, கிளிக் செய்தால் திறக்கும். பழைய சிஸ்டங்களில் இன்னும் திறக்கிறது, புதியதில் மட்டும் திறக்கவே மாட்டேன் என்கிறது. விற்றவரிடம் கேட்டால் ஏதோ பாலிசியை மாற்றித் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

திருப்பூர்:

வேண்டாம் தம்பி. புதியது விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு, புரோவாக இருக்கும். பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவை அதில் பாதுகாப்புக்காக அடைத்துவிட்டார்கள், இணைப்பில் கையொப்பச் சரிபார்ப்பையும் கட்டாயமாக்கிவிட்டார்கள். பாலிசியை மாற்றினால் இந்த இரண்டு பூட்டையும் நீங்களே கழற்றியதாகிவிடும். நாஸில் யூசர் ஒன்று, பாஸ்வேர்டு ஒன்று உருவாக்கி, அதையே விண்டோஸில் கிரெடென்ஷியல் மேனேஜரில் சேர்த்தால் முன்போலவே ஒரு கிளிக்கில் திறக்கும்.

ஆனால் அந்த நாஸுக்கு ஃபைல் பகிரும் பழைய முறையான எஸ்எம்பி1 மட்டும்தான் தெரியும் என்றால் இது உதவாது, பெட்டியையே மாற்ற வேண்டியிருக்கும். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை பரவியது அந்த வழியாகத்தான். பழைய சிஸ்டத்திலேயே காலம் தள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. நாஸின் அடிப்பக்கம் அல்லது பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதிலுள்ள மாடல் நம்பரை இங்கே போடுங்கள், எஸ்எம்பி2 உண்டா என்று பார்த்துச் சொல்கிறேன். அதற்குள் அதில் இருப்பதை ஒரு தனி டிஸ்க்கில் காப்பி எடுத்து வையுங்கள்.