குற்றம் நிரூபிக்காமலே பணத்தைப் பறிக்கலாமா? அமெரிக்காவின் சிவில் பறிமுதல்

வைகைக்கரை:
ஆள் மேல் குற்றத்தை நிரூபிக்காமலே, குற்றத்தோடு தொடர்புடையது என்று சொல்லி பணத்தின் மேலோ பொருளின் மேலோ வழக்குப் போட்டு அரசு எடுத்துக்கொள்வதுதான் சிவில் பறிமுதல். அமெரிக்காவில் அப்படி ஒரு வழக்கு: 'அமெரிக்க அரசு எதிர் 1,24,700 டாலர் ரொக்கம்'. பிரதிவாதி ஆள் இல்லை, பணம்! 2003-இல் நெப்ராஸ்காவில், வேகமாகப் போனதாக ஒரு காரை நிறுத்தினார்கள். ஐஸ்பெட்டிக்குள் நோட்டுக் கட்டுகள் இருந்தன. பணத்தில் போதைப்பொருள் வாசனை இருப்பதாக மோப்ப நாய் காட்டியது, ஆனால் போதைப்பொருள் துளிகூடக் கிடைக்கவில்லை. குளிர்சாதன லாரி வாங்க நண்பர்களோடு சேர்ந்து திரட்டிய பணம் என்றார் ஓட்டி வந்தவர். கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2006-இல் மேல்முறையீட்டில் பணம் அரசுக்குப் போனது. ஆளைத் தண்டிக்காமல் பணத்தை மட்டும் எடுத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

ஓமலூரான்:
தம்பி, பாதிக் கதையை விட்டுவிட்டீர்கள். அது வாடகைக் கார், வாடகைக்கு எடுத்தவரோ காரிலேயே இல்லை. பெரிய தொகை இருக்கிறதா என்று போலீஸ் கேட்டதற்கு இல்லை என்று சொல்லியிருக்கிறார். நீதிபதிகள் இதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். கடத்தல் பணம் ரசீதோடா வரும்?
இன்னொன்று. மேடாஃப் என்பவர் நடத்திய பெரிய முதலீட்டு மோசடியில் கோடி கோடியாக எடுத்த பிகோவர் 2009-இல் இறந்துவிட்டார். செத்தவர் மேல் குற்ற வழக்கு போட முடியாது. அவர் சொத்திலிருந்து 220 கோடி டாலர் வந்தது இந்த சிவில் பறிமுதல் வழியாகத்தான். ஏமாந்தவர்களுக்குத் திரும்பக் கொடுக்க அது உதவியது. இந்தச் சட்டம் இல்லையென்றால்?

முல்லை:
அண்ணா, பிகோவர் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் அலபாமாவில் நடந்ததைப் பாருங்கள். ஒரு பெண் நண்பருக்குக் கார் கொடுத்தார். நண்பரிடம் போதைப்பொருள் பிடிபட்டது, கார் போனது. தப்பு அந்தப் பெண்ணுடையது இல்லை என்று கடைசியில் கார் திரும்பி வந்தது, ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை வேலை தேட முடியவில்லை, மருத்துவரிடம் போக முடியவில்லை. வழக்கு முடியும்வரை அரசு காரை வைத்திருக்கலாமா என்று பார்க்க முன்கூட்டியே ஒரு விசாரணையாவது வேண்டும் என்று கேட்டார்கள். 2024-இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று, அரசியலமைப்பு அதைக் கட்டாயமாக்கவில்லை எனச் சொல்லிவிட்டது. இது எனக்கு மனசு ஆறவே இல்லை.

ஓமலூரான்:
அதே நீதிமன்றம்தானே 2019-இல் டிம்ஸ் என்பவரின் வழக்கில் கடிவாளம் போட்டது? அபராதம் அளவு மீறக் கூடாது என்ற அரசியலமைப்பின் எட்டாவது திருத்தம் மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று ஒன்பது பேரும் ஒருமனதாகச் சொன்னார்களே.

வைகைக்கரை:
சொன்னார்கள், சரி. அந்த வழக்கில் பறித்தது 42,000 டாலர் லேண்ட் ரோவர் கார். டிம்ஸ் செய்த குற்றத்துக்கு உச்சபட்ச அபராதமே 10,000 டாலர். வேக வரம்பை ஐந்து மைல் தாண்டினால் புகாட்டி காரைக்கூடப் பறிக்கலாமா என்று நீதிபதி பிரேயர் கேட்க, ஆமாம் என்றார் இண்டியானா அரசு வழக்கறிஞர். அந்த மனப்போக்குதான் பயமாக இருக்கிறது.
அப்புறம், பறித்த பணம் யாருக்குப் போகிறது? உள்ளூர் போலீஸ் மத்திய அரசோடு சேர்ந்து பறித்தால் 80 சதவீதம் வரை அவர்களுக்கே திரும்பி வரும். பறிப்பவருக்கே பங்கு கொடுத்தால் சந்தேகம் வரத்தானே செய்யும்? நியூ மெக்சிகோ 2015-இல் இதை நிறுத்தியது. அங்கே முதலில் குற்றத் தீர்ப்பு வர வேண்டும், பணம் மாநிலப் பொது நிதிக்குப் போகும்.

ஓமலூரான்:
பங்கு விஷயம் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். பொது நிதிக்கே போகட்டும். ஆனால் செத்தவர், நாட்டைவிட்டு ஓடியவர் சொத்தை எடுக்கும் வழியை மூடக் கூடாது. அதில் நான் இறங்கி வரமாட்டேன்.

முல்லை:
அதை மூடச் சொல்லவில்லை அண்ணா. ஆள் கண்முன் நிற்கும்போது முதலில் அவர் மேல் குற்றத்தை நிரூபியுங்கள் என்கிறேன். இது சிவில் வழக்கு என்பதால் பொதுவாக இலவச வழக்கறிஞரும் கிடையாது. 1,500 டாலரை மீட்க வழக்கறிஞர் வைத்தால் அவர் கட்டணமே அதைத் தாண்டிவிடும். அந்த 1,500 ஒரு குடும்பத்தின் மாத வாடகையாக இருக்கலாம், பலர் வழக்கே போடாமல் விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு உங்கள் பதில் என்ன?