"அனுசரணை: பல்கலைக்கழகம்" எண்டு போட்டிருக்கு. அம்மா ஒப்பம் வைக்கலாமா?

தாழங்குடா மகள் · ஞாயிறு இரவு 8.40

அம்மாவுக்கு 62 வயசு, பத்து வருசமா பிரஷர். போன கிழமை கிளினிக்கில ஒரு இளம் டொக்டர் கொப்பியப் பார்த்துப்போட்டு, தனியா இருத்தி, ஒரு ஆய்வில சேருறீங்களா எண்டு கேட்டிருக்காங்க. மூண்டு பழைய மருந்தைக் குறைஞ்ச அளவில ஒரே குளுசையாக் குடுக்கிறது நல்லமா, வழமையாக் குடுக்கிற மாதிரி நல்லமா எண்டு பார்க்கிறாங்களாம். தமிழில ஒன்பது பக்கம். முதல் பக்கத்தில "அனுசரணை" எண்டு போட்டு ஒரு பல்கலைக்கழகத்தின்ர பேர். அம்மா கேக்கிறா, "கோயில் திருவிழாவில ஒரு நாள் பூசைய ஏத்துச் செய்யிற மாதிரியா புள்ள?" எனக்கும் வடிவா விளங்கல்ல. அடுத்த கிளினிக் வியாழக்கிழமை. ஆஸ்பத்திரி பேர் கேக்காதீங்க.

வெள்ளாமைக்காரன் (தம்பிலுவில்) · 9.05

ஒப்பம் வைக்க விடாதீங்க தங்கச்சி. என்ன பேர் வச்சாலும் பரிசோதனை பரிசோதனைதான். தனியார் ஆஸ்பத்திரியில காரில வந்து இறங்கிறவனிட்ட இந்தக் கடதாசிய நீட்டுவானா? விடிய அஞ்சு மணிக்கு நம்பர் எடுத்துப்போட்டு வாங்கில குந்தியிருக்கிற சனந்தான் எலி. பேராசிரியரா வாறதுக்கு அவங்களுக்கு ஒரு கட்டுரை வேணும். அவ்வளவுதான் கதை.

தரவுக்காரி · 9.31

கட்டுரை வேணுமெண்டது உண்மை அண்ணன். மூண்டு வருசம் ஒரு பல்கலைக்கழக ஆய்வில படிவம் நிரப்பின ஆள் நான், அதை மறைக்கல்ல. முதல்ல அம்மாட கேள்விக்கு வாறன்.

திருவிழா அனுசரணைக்காரர் காசு குடுப்பார், காளாஞ்சி வாங்குவார், போயிருவார். பந்தல் விழுந்தா அவர் பொறுப்பில்ல. மருந்து ஆய்வில அந்தச் சொல்லுக்குப் பொருள் வேற. ஆய்வைத் தொடங்கி, நடத்தி, காசுக்கு ஒழுங்கு பண்ணி, பந்தல் விழுந்தா வந்து நிண்டு பதில் சொல்ற நிறுவனத்தைத்தான் அப்படிச் சொல்றது. "பொறுப்பு நிறுவனம்" எண்டு எழுதியிருந்தா அம்மா கேட்டிருக்கவே மாட்டா. மொழிபெயர்த்த ஆளுக்கு கிரிக்கெட் ஞாபகம் போல.

கம்பனி பொறுப்பெடுத்தா பெரும்பாலும் புது மருந்தொண்டை விக்கிறதுக்காகத்தான். பல்கலைக்கழகம் எடுக்கிறது லாபமில்லாத கேள்விகளை. பாம்புக்கடிய எடுங்க. விசமுறி மருந்து ஏத்தினாலே சிலருக்கு உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு இழுத்து, பிரஷர் விழும். அதைத் தடுக்க முன்கூட்டி எதைப் போடலாமெண்டு களனிப் பல்கலைக்கழக ஆக்கள் தலைமையில 1,007 பேரில பார்த்து 2011ல முடிவு போட்டாங்க. தோலுக்குக் கீழ கொஞ்சம் அட்ரினலின் போட்டாக் கடுமையான ஒவ்வாமை குறையுது. ஹைட்ரோகோட்டிசோன், புரொமெத்தசின் ரெண்டும் உதவல்ல. அட்ரினலின் பழைய மலிவு மருந்து. இதைப் பார்க்க எந்தக் கம்பனி காசு இறைக்கும்?

வெள்ளாமைக்காரன் · 9.50

பாம்பைக் காட்டி என்னை மடக்காதீங்க கா. என்னைப் புடையன் கடிச்சு வாட்டில கிடந்தவன் நான், அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். அதாலதான் கேக்கிறன். அந்த 1,007 பேரில ஒரு பங்குக்கு அட்ரினலின் குடுக்காம விட்டதுதானே? குலுக்கிப்போட்டு உனக்கு இருக்கு, உனக்கு இல்ல எண்டு உயிரோட விளையாடுறதா?

தரவுக்காரி · 10.12

எது நல்லமெண்டு உண்மையில ஆருக்கும் தெரியாத நேரத்திலதான் குலுக்கலாம் அண்ணன். தெரிஞ்சுகொண்டு குலுக்கினா அது குற்றம்.

நீங்க புதுநெல்லு பார்க்கிறீங்க எண்டு வைப்பம். வாய்க்காலோரத்து வரவையில புதுசு, மேட்டு வரவையில பழசு. வெட்டிப்போட்டு "புதுசு மூட்டை கூட" எண்டா பக்கத்து வட்டைக்காரன் சிரிக்க மாட்டானா? டொக்டர் தன்ர விருப்பத்துக்கு ஆளைத் தெரிஞ்சாலும் அதேதான். தெம்பான ஆளுக்குப் புதுசு, வாடின ஆளுக்குப் பழசு போகும். அதாலதான் குலுக்கலைக் கணினியிட்ட குடுக்கிறது.

இன்னொண்டு. நஞ்சு குடிச்சு வாறவங்களுக்குக் கரித்தூளைக் கரைச்சுத் திரும்பத் திரும்பக் குடுத்தா உயிர் தப்புமெண்டு நம்பினாங்க. நம்மட நாட்டு ஆஸ்பத்திரிகளில 4,600க்கு மேல பேரில பார்த்தாங்க, 2008ல முடிவு வந்தது. குடுத்தாலும் குடுக்காட்டியும் சாவு கிட்டத்தட்ட ஒண்டு. அப்ப குலுக்கலில கரி கிடைக்காத ஆள் எதை இழந்தார்?

வெள்ளாமைக்காரன் · 10.20

வரவைக் கதை சரி. ஆனா நெல்லு ஒப்பம் வைக்கிறல்ல, நெல்லுக்குப் பயமுமில்ல. இவ்வளவு காலம் பிரஷர் பார்த்த இடத்தில கேட்டா, வேண்டாமெண்டு சொல்ல ஒரு வயசான பொம்பிளைக்கு வாய் வருமா?

நெறியாளர் · 10.41

ஒரு பதிவில வைத்தியசாலை பேர் இருந்தது, எடுத்திட்டன்.

மருதமுனைத் தம்பி · திங்கள் காலை 6.20

சுபஹ் தொழுதுபோட்டு வாசிச்சன். ரெண்டு பேரும் கம்பனியா, பல்கலைக்கழகமா எண்டு அடிபடுறீங்க. என்ட பயம் இதுக்கு மறுபக்கம். கம்பனி நடத்தினா காப்புறுதி இரிக்கும், பிடிக்க ஒரு கழுத்து இரிக்கும். பல்கலைக்கழகத்தில நிதி முடிஞ்சிரும், பேராசிரியர் பென்சன் எடுத்திருவார், மறுகா ஆரைப் பிடிக்கிற?

கம்பனி இல்லாட்டிப் பத்திரம் எண்டும் இல்ல. அமெரிக்காவில டஸ்கீகி எண்ட ஊரில 1932இலிருந்து 1972 வரைக்கும், சிபிலிஸ் வருத்தம் வந்த ஏழைக் கறுப்பின ஆம்பிளையளுக்கு, பென்சிலின் வந்த பிறகும் குடுக்காம வருத்தம் எப்படி முத்துது எண்டு பார்த்துக்கொண்டிருந்தது அரசாங்கத்தின்ர சுகாதாரச் சேவை.

என்ட வாப்பாவும் ஒரு ஆய்வில இருந்தவர், எதெண்டு சொல்ல மாட்டன். கெடுதி நடக்கல்ல. ரத்தம் எடுத்தாங்க, ஆறு மாசம் கேள்வி கேட்டாங்க, மறுகா ஒரு துண்டுக் கடதாசி வரல்ல. மௌத்தாகுற வரைக்கும் கேட்டார், "அந்தப் புள்ளயள் கடைசியில என்ன கண்டுபிடிச்ச?"

தரவுக்காரி · 7.55

தம்பி, உங்கட வாப்பாட கேள்விக்கு என்னிட்ட பதிலில்ல. நாங்களும் ஆருக்கும் அனுப்பல்ல. காசு முடிஞ்சது எண்டாங்க, கோவையெல்லாம் பெட்டியில கட்டி வச்சிட்டு வந்திட்டன். இதை எழுதக்குள்ள கூசுது.

தங்கச்சி, மூண்டு இடம் பாருங்க. ஒண்டு, பதிவிலக்கம். இலங்கை மருத்துவச் சங்கம் நடத்துற மருந்து ஆய்வுப் பதிவேடு 2006இலிருந்து இருக்கு, உலக சுகாதார நிறுவனம் ஏத்துக்கொண்டது. பொறுப்பு ஆரு, காசு ஆரு, எத்தனை பேர், எதை அளக்கிறாங்க எண்டெல்லாம் முதல் ஆளைச் சேர்க்க முதலே அதில எழுதிப்போடுறதுதான் முறை. விளைச்சலைப் பார்த்துப்போட்டுக் கேள்விய மாத்தினாப் பிடிபடும். இணையத்தில ஆரும் பார்க்கலாம், ஆனா இங்கிலீசில. அது வேற வயித்தெரிச்சல்.

ரெண்டு, ஆய்வு ஆக்களுக்கு நியாயமா, பத்திரமா எண்டு பார்க்கிற நெறிமுறைக் குழுவின்ர அனுமதி. மூண்டு, பாதிப்பு வந்தா ஆரு பார்க்கிற எண்ட பந்தி. இடையில விலகலாம், விலகினாலும் வழமையான கிளினிக் நிக்காது, இது எல்லா ஆய்விலயும் இருக்க வேணும்.

தாழங்குடா மகள் · இரவு 9.10

பதிவிலக்கம் இருக்கு. குழுவின்ர அனுமதி இருக்கு. ஏழாம் பக்கத்தில ஒரே ஒரு வரி, "ஆய்வினால் பாதிப்பு ஏற்படின் உரிய இழப்பீடு வழங்கப்படும்." ஆரு தாறது, எங்க கேக்கிறது, ஒண்டுமில்ல. ரெண்டாம் பக்கத்தில இன்னொண்டு கண்டன். குளுசைய ஒரு கம்பனி இலவசமாத் தருதாம்.

வெள்ளாமைக்காரன் · 9.14

பாத்தீங்களா! வாசலால வரல்ல, பின்கதவால வந்திட்டான்.

தரவுக்காரி · 9.30

ஒளிக்காம எழுதியிருக்காங்களே அண்ணன். காசு தாற ஆள், குளுசை தாற ஆள், பொறுப்பெடுக்கிற ஆள், மூண்டும் மூண்டு பேரா இருக்கலாம். கேக்க வேண்டியது, குளுசை தந்தவன் முடிவு எழுதுற பேனையத் தொட ஏலுமா எண்டு.

மருதமுனைத் தம்பி · 9.48

உரிய இழப்பீடாம். எது உரியது? 1964ல ஹெல்சிங்கியில உலக மருத்துவர்கள் மனிசரில செய்யிற ஆய்வுக்கெண்டு போட்ட பிரகடனம் இப்ப இருக்கிற வடிவில, பாதிக்கப்பட்டவருக்குச் சிகிச்சையும் இழப்பீடும் உறுதிப்படுத்த வேணுமெண்டு சொல்லுது. உறுதியெண்டா ஆரு குடுக்கிற எண்ட பேர் இரிக்கணும்.

இன்னொரு கேள்வி. இதே மாதிரி மூண்டு மருந்துக் குளுசைய இலங்கையிலயே 700 பேருக்குப் பார்த்து 2018ல முடிவு வந்தது. டெல்மிசாட்டன் 20 மில்லிகிராம், அம்லோடிபின் 2.5, குளோதாலிடோன் 12.5. ஆறு மாசத்தில நூத்துக்கு 70 பேருக்குப் பிரஷர் இலக்குக்கு இறங்கினது, வழமையான வைத்தியத்தில 55. அப்ப நம்மட சனத்தில மறுகா என்னத்துக்கு?

தாழங்குடா மகள் · 10.02

அதுக்குப் பதில் மூண்டாம் பக்கத்தில இருக்கு. முந்தினது நகரத்துக் கிளினிக்கில, ஆறு மாசம். இது கிராமத்துச் சனத்தில ரெண்டு வருசம், இடையில குளுசைய நிப்பாட்டிறாங்களா எண்டும் பார்க்கிறாங்களாம். அம்மாக்கு வாசிச்சுக் காட்டினன். "நான் நிப்பாட்டினதை அவங்களுக்கு ஆரு சொன்ன?" எண்டா.

தாழங்குடா மகள் · வியாழன் மாலை 5.25

போய்ட்டு வந்திட்டம். அந்தப் பிள்ள டொக்டர் நல்ல மாதிரி, அம்மாவ அவசரப்படுத்தல்ல. அம்மா கண்ணாடியப் போட்டு, ஏழாம் பக்கத்தில விரலை வச்சு, "இதில ஆரு தாறது எண்டு பேர் எழுதித் தாங்க மகள்" எண்டா. தானா எழுத ஏலாது, ஒரு சொல்லை மாத்திறதெண்டாலும் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பி அனுமதி எடுக்கணும் எண்டாங்க.

"அப்ப அனுப்புங்க. எனக்கு அவசரமில்ல, வீட்டில ரெண்டு மாசத்துக் குளுசை கிடக்கு."

ஒப்பம் வைக்கல்ல, வேண்டாமெண்டும் சொல்லல்ல. அந்தப் பிள்ள தன்ர கொப்பியில எழுதிக்கொண்டது, நான் பார்த்தன்.

தரவுக்காரி · 5.50

அந்தக் குழுக்களில டொக்டர் அல்லாத பொதுசனத்து ஆளும் இருக்க வேணும். உங்கட அம்மாவ அனுப்புங்க.

வெள்ளாமைக்காரன் · 6.15

சேரவே வேணாமெண்டு சொன்னவன் நான். இருந்தாலும் கேக்கிறன், ரத்தம் குடுக்கப் போற நாளில பஸ் காசு தருவாங்களாமா?