மறுமொழி: 'ட்ரனியன்' என்பதற்குத் தமிழ்ச் சொல் – 'குடுமி'யை முன்மொழிகிறேன்

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

மண் தள்ளும் டோசரின் அலகை (முன்பக்கத் தகட்டை) தாங்கும் உறுப்புகளுக்கு, முதலில் அலகின் புயங்கள் திரும்பும் 'ட்ரனியன்' என்ற உறுப்புக்கு, தமிழ்ச் சொற்கள் வேண்டும் என்று நான் எழுதியிருந்ததற்கு 'சுழலச்சு', 'தாங்குமுளை', 'பந்துமூட்டு' ஆகிய மூன்று பரிந்துரைகள் வந்தன. மூன்றையும் எங்கள் பட்டறைப் பையன்களிடம் சொல்லி, 'இந்த இயந்திரத்தில் அது எது, தொட்டுக் காட்டுங்கள்' என்று கேட்டேன். ஒருவராலும் சரியாகக் காட்ட இயலவில்லை. ஆகவே நான்காவதாக ஒரு சொல்லை முன்வைக்கிறேன்.

இந்தச் சொல் எதற்காகத் தேவைப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், மட்டக்களப்பு மாவட்டத்து உன்னிச்சைப் பக்கம் குளக்கட்டு வேலையில் நின்ற ஒரு பழைய டோசரின் அலகு நடுங்குவதாகத் தகவல் வந்தது. மேற்பார்வையாளர் தொலைபேசியில் "இடப்பக்கப் போல் தேய்ந்துவிட்டது, மாற்றிவிடு" என்று, ட்ரனியனின் குண்டை (ball) நினைத்துச் சொன்னதை, அங்கிருந்த இளைஞர் 'போல்ட்' என்று விளங்கிக்கொண்டார். மூடியை இறுக்கும் போல்ட்டுகள் அனைத்தையும் கழற்றிப் புதியன போட்டு, முழுப் பலத்தோடு முறுக்கியும் விட்டார். மறுநாள் மத்தியானத்துக்குள் புதிய போல்ட்டுகளில் இரண்டு அறுந்து விழுந்தன. தேய்ந்த குண்டு தேய்ந்தபடியே உள்ளே கிடந்தது. அந்த இளைஞர் மீது நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஒரே ஓசையில் இரண்டு உறுப்புகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, வேறுபாட்டைக் காதால் கண்டுபிடி என்று அவரிடம் எதிர்பார்த்தது எங்கள் தவறு.

இனி உறுப்பைப் பார்ப்போம். டோசரின் இரு சங்கிலித் தடங்களையும் தாங்கும் சட்டகங்களின் வெளிப்புறத்தில், பக்கத்துக்கு ஒன்றாக ஓர் உருக்குக் குண்டு, குட்டையான கழுத்தோடு நீட்டிக்கொண்டிருக்கும். அலகிலிருந்து பின்னோக்கி வரும் இரண்டு நீண்ட புயங்களின் முனைகளும் அந்தக் குண்டுகளைக் கவ்விப் பிடிக்கின்றன. புயத்தின் முனையில் பாதிக் கிண்ணம். அதன் மேல் போல்ட்டால் இறுக்கும் மூடியில் மறுபாதிக் கிண்ணம். அலகு ஏறி இறங்கும்போது புயம் இந்தக் குண்டின் மேல் திரும்புகிறது. மண்ணைத் தள்ளும் விசை முழுவதும் இந்த இரண்டு இடங்கள் வழியாகத்தான் போகிறது.

ஆகவே 'சுழலச்சு' பொருந்தாது. அச்சு என்றால் எங்கள் காதில் சக்கரத்தின் அச்சு, முழுச் சுற்றுச் சுற்றுவது. இங்கே எதுவும் சுற்றுவதில்லை; புயம் சில பாகை மேலும் கீழும் அசைகிறது, அவ்வளவே. 'பந்துமூட்டு' மோட்டார் வாகனங்களின் முன்சக்கரப் பகுதியில் வேறொரு சிற்றுறுப்புக்கு வேண்டியிருக்கிறது. 'தாங்குமுளை' பரவாயில்லை, ஆனால் முளை என்பது அடித்து இறக்குவது, மாடு கட்டுவது. திரும்புதல் என்ற கருத்து அதில் இல்லை.

ட்ரனியன் என்ற ஆங்கிலச் சொல் முதலில் பீரங்கிக்கு உரியது. பீரங்கிக் குழாயின் இரு பக்கமும் கட்டைக் கைபோல நீட்டிக்கொண்டிருக்கும் உருளைகள் வண்டியின் பள்ளங்களில் உட்கார்ந்திருக்க, வாயை உயர்த்தவும் தாழ்த்தவும் முடியும். 1628 இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய நமது மட்டக்களப்புக் கோட்டைக்குப் போகிறவர்கள் அங்குள்ள பீரங்கிகளின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தால் இந்த உறுப்பைக் கையாலேயே அறியலாம்.

தமிழில் இதற்கு நிகரானது கீல் இல்லாத பழைய கதவின் குடுமி. கதவுப் பலகையின் ஒரு பக்கத்தில், மேலும் கீழும் பலகையிலேயே செதுக்கி விட்டிருக்கும் முனைகளைக் குடுமி என்போம். மேற்குடுமி நிலையின் துளையிலும், கீழ்க்குடுமி கல்லில் குடைந்த குழியிலும் இருந்து திரும்பும். எங்கள் அம்மம்மாவின் வீட்டில் அப்படி ஒரு கதவு இருந்தது. அது நிலையில் உரசத் தொடங்கியபோது தச்சர் கதவைத் தூக்கிக் கழற்றிக் கீழ்க்குடுமியைக் காட்டினார். சுற்றிவரத் தேயவில்லை, பாரம் சாய்ந்த ஒரு பக்கம் மட்டும் நகத்தால் வழித்ததுபோல் தட்டையாகிக் கிடந்தது. அந்தத் தேய்வை நான் டோசரில் பலமுறை கண்டிருக்கிறேன். தள்ளும் விசை எப்போதும் குண்டின் முன்பக்கத்தில் அழுத்துவதால் முன்பக்கமே தட்டையாகிறது. மணல் உள்ளே புகுந்துவிட்டால் இன்னும் விரைவாக. உருவமும் தொழிலும் மட்டுமல்ல, பழுதுபடும் விதமும் ஒன்றாக இருக்கும் ஓர் உறுப்பின் பெயரைக் கடன் வாங்குவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

குடுமி என்றால் தலைமயிர்தான் நினைவுக்கு வரும், மாணவர்கள் சிரிப்பார்கள் என்று கல்முனையிலிருந்து ஆசிரியர் ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். முதல் நாள் சிரிப்பார்கள் என்பது உண்மை. ஆனால் தாங்கியை (bearing) இலங்கைப் பாடநூல்களில் 'போதிகை' என்று எழுதியபோது, அது கோயில் தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் உறுப்பின் பெயராயிற்றே என்று யாரும் விலக்கவில்லை; இன்று 'குண்டுப்போதிகை' பழகிப்போயிற்று. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் சென்னையில் 1936 இல் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார் என்று பெருமையோடு பேசுகிறோம். தச்சர் கையில் இருக்கும் சொல்லை எடுக்க மட்டும் ஏன் கூச வேண்டும்?

மற்ற உறுப்புகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அலகைத் தள்ளும் கை 'தள்ளுபுயம்'; நெம்புகோல் பாடத்தில் எத்தனப்புயம், சுமைப்புயம் என்று படித்தவர்களுக்கு இது புதிதன்று. 'தள்ளுகை' என்ற பரிந்துரை, தள்ளுதல் என்ற செயலையும் குறிப்பதால் வேண்டாம். மூடியை 'மூடி' என்று சொல்லாமல் 'பின்கிண்ணம்' என்று சொல்லலாம், ஏனெனில் நான் கையாண்ட இயந்திரங்களில் அது புயமுனையின் பின்புறம் இருந்தது. பின்னோக்கி இழுக்கும்போது பாரத்தை ஏற்பதும் அதுதான். இரு கிண்ணங்களுக்கும் நடுவில் வைக்கும் மெல்லிய தகடு 'இடைத்தகடு'.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தேய்வினால் வரும் அசைவை 'இடைவெளி' என்று மொழிபெயர்க்கக் கூடாது. இடைவெளி என்பது உறுப்பு திரும்புவதற்காக அமைத்தவர் வேண்டுமென்றே விட்டது. தேய்ந்து வந்தது 'ஆட்டம்'. எந்தப் பட்டறையிலும் 'ஆட்டம் இருக்கு' என்றுதான் சொல்கிறார்கள். இரண்டையும் ஒரு சொல்லில் அடக்கினால், இடைவெளியையும் சேர்த்து இறுக்கிவிட்டுக் குண்டைச் சிறைப்பிடிப்பார்கள்.

சொல் தாங்குமா என்பதை வாக்கியத்தில் வைத்துத்தான் பார்க்க முடியும். நான் எழுதிவரும் கையேட்டின் ஒரு பகுதியைத் தருகிறேன்:

"அலகை நிலத்தில் இறக்கி, தள்ளுபுயங்களுக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்த பின்னரே பின்கிண்ணத்தைக் கழற்றுக. குடுமிக் குண்டைத் துடைத்து, முன்பின்னாக ஒருமுறையும் மேல்கீழாக ஒருமுறையும் இடுக்கிமானியால் அளக்க. இரண்டு அளவும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால், இடைத்தகடுகளில் வேண்டியதை எடுத்து ஆட்டத்தைக் குறைக்கலாம். முன்பின் அளவு தெளிவாகக் குறைந்திருந்தால் தகட்டை எடுப்பதில் பயனில்லை. அலகு ஒரு நிலையில் இறுகும், வேறொரு நிலையில் ஆடும். அப்போது குடுமியையே மாற்ற வேண்டும். வெல்டிங்கால் பொருத்திய குடுமியாயின், வெட்டுவதற்கு முன் அதன் இடத்தைச் சட்டகத்தில் குறித்துக்கொள்க. புதியதைப் பொருத்தும்போது இரு பக்கக் குடுமிகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்க. ஒன்று முன்னே தள்ளி நின்றால் அலகு கோணலாகவே வேலை செய்யும். தேய்ந்த குண்டின் மேல் உலோகத்தை ஏற்றிக் கையால் அராவி உருட்ட முயல வேண்டாம்."

இதை அதே பையன்களிடம் கொடுத்தேன். 'குடுமி எது' என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் நேரே குண்டைத் தொட்டார்கள். ஒருவர் மட்டும், குண்டையும் கழுத்தையும் சேர்த்துக் குடுமியா, அல்லது குண்டு மட்டுமா என்று கேட்டார். நல்ல கேள்வி. முழு உறுப்பும் 'குடுமி', உருண்ட பகுதி 'குடுமிக் குண்டு' என்று பிரிக்க எண்ணுகிறேன். குண்டு ஒருபக்கம் தேய்ந்து உருண்டை கெடுவதற்கு மட்டும் நல்ல ஒரு சொல் எனக்கு இன்னும் அகப்படவில்லை. உங்கள் ஊர்த் தச்சரோ கடைசல்காரரோ அதை எப்படிச் சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள்.