பீரோ மேல பூச்சாண்டி: பயம் போகப் படப் புத்தகம் சொல்லுங்க

மழைக்காக்கா:
மகளுக்கு நாலரை வயது. போன மாதம் வரை படுத்த அஞ்சாவது நிமிஷம் தூங்கிவிடுவாள். இப்போது விளக்கை அணைத்தாலே பீரோ மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்களாம் (அங்கே இருப்பது சுருட்டி வைத்த கோரைப்பாய்). சோறு ஊட்டும்போது பாட்டி "வாயைத் திற, இல்லேன்னா பூச்சாண்டி பிடிச்சிட்டுப் போயிடுவான்" என்று சொல்வதன் பலன்தான் இது என்று எனக்குச் சந்தேகம், அதை மாமியாரிடம் சொல்லத்தான் எனக்குப் பயம். "அங்கே ஒண்ணும் இல்லடா" என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. படப் புத்தகம் ஏதாவது உதவுமா? பூதத்தின் படத்தைக் காட்டப் போய் பயம் கூடிவிட்டால்?

இரட்டைவால்:
எட் எம்பர்லியின் 'கோ அவே, பிக் கிரீன் மான்ஸ்டர்'. 1992இல் வந்தது. பக்கங்களில் ஓட்டை வெட்டியிருப்பார்கள். முதலில் இரண்டு மஞ்சள் கண்கள் மட்டும், திருப்பத் திருப்ப மூக்கு, பல், காது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து பாதிப் புத்தகத்தில் பூதம் முழுசாக நிற்கும். அதற்கப்புறம் 'போ போ' என்று ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். நான் கூப்பிட்டால்தான் திரும்பி வரலாம் என்று முடியும், அந்த இடம்தான் என் பையனுக்கு உயிர். பக்கத்தைக் குழந்தைதான் திருப்ப வேண்டும், நீங்கள் கை வைக்காதீர்கள்.

பழையபுத்தகம்:
மாரிஸ் செண்டாக்கின் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' (1963) இல்லாமல் இந்தப் பேச்சே கிடையாது. சேட்டை செய்து, சாப்பாடு இல்லாமல் அறைக்கு அனுப்பப்பட்ட மேக்ஸ், பூதங்களின் மஞ்சள் கண்களை இமைக்காமல் முறைத்தே அடக்கிவிடுகிறான். முதலில் குதிரைகளை வைத்துத்தான் எழுத நினைத்தாராம், குதிரை வரைய வரவில்லை. பூதங்களின் முகத்துக்கு, சின்ன வயதில் வீட்டுக்கு வந்து கன்னத்தைக் கிள்ளிய சொந்தக்காரர்கள்தான் மாதிரி. நம் வீட்டுக் கல்யாணங்களை நினைத்தால் இது புரியும். கடைசியில் சாப்பாடு சூடாகவே காத்திருக்கும். மிரட்டிச் சாப்பிட வைக்கிற வீட்டில் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள்.

குட்டிச்சாத்தான்:
மெர்சர் மேயரின் 1968 புத்தகமும் உண்டு, அலமாரிக்குள் கெட்ட கனவு ஒளிந்திருக்கிற கதை. பையன் பொம்மைத் துப்பாக்கியால் சுட்டதும் அந்த ஜந்து ஓவென்று அழுகிறது, பாவம் பார்த்துத் தன் கட்டிலிலேயே படுக்க வைத்துக்கொள்கிறான். இன்னொன்று எட்டிப் பார்க்கும்போது, மூன்று பேருக்குக் கட்டிலில் இடமில்லையே என்கிறான். துப்பாக்கி எனக்குப் பிடிக்காது, அதனால் தமிழில் சொல்லும்போது தலையணையால் அடித்தான் என்று மாற்றிவிடுவேன். ஒரு விஷயம், எந்தப் புத்தகமானாலும் முதல் தடவை பகலில் படியுங்கள். நான் அவசரப்பட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பித்து, பன்னிரண்டு மணி வரை மாட்டிக்கொண்டேன்.

இரட்டைவால்:
அதோடு, தூங்கின ஒன்றிரண்டு மணி நேரத்தில் கண் திறந்தபடி அலறி, காலையில் எதுவும் ஞாபகம் இல்லை என்றால் அது வேறு, புத்தகத்துக்குக் கட்டுப்படாது. உலுக்கி எழுப்பாமல் பக்கத்திலேயே இருங்கள், அடிக்கடி வந்தால் டாக்டரிடம் கேளுங்கள்.

மழைக்காக்கா:
அலறல் இல்லை, படுக்கத்தான் பயம். எம்பர்லி புத்தகம் கைக்கு வர நாளாகும் போலிருந்தது, அதனால் பழைய காலண்டர் அட்டையில் கண், மூக்கு, பல் எல்லாம் தனித்தனியாக வெட்டி, பீரோ கதவில் ஒட்டி ஒட்டிப் பிய்த்து விளையாடினோம். பாய் இன்னும் மேலேதான் இருக்கிறது, எடுக்கவிடவில்லை. நேற்று ஊட்டும்போது பாட்டி வழக்கம்போல ஆரம்பித்தாராம். இவள் கையை விரித்துக் காட்டி, "அவனால வர முடியாது பாட்டி, பல்லு எங்கிட்ட இருக்கு" என்றாளாம்.