புதுப்பிப்பு: சிபிடி எண்ணெய், மூன்று மாதம் கழித்து

மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் வரும் இரவு வியர்வைக்கும் தூக்கமின்மைக்கும் சிபிடி எண்ணெய் (கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும், போதை தராத கன்னாபிடியால் கலந்த எண்ணெய்) உதவுமா என்று லண்டனிலிருந்து கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது.

தூக்கம் கொஞ்சம் தேவலை. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்தாலும் மறுபடி கண் அயர்கிறது. எண்ணெயாலா, ராத்திரி காபியை விட்டதாலா, தெரியவில்லை. வியர்வை அப்படியேதான், நடுராத்திரியில் தலையணையைத் திருப்பிப் போடுவது நிற்கவில்லை. நாக்கடியில் சொட்டு விட்டால் பச்சைப்புல் வாடை வேறு!

ஒரு தப்பும் செய்தேன். நாளுக்கு 40 மில்லிகிராம் எடுத்துக்கொண்டிருந்தேன். பிரிட்டனின் உணவுத் தர முகமை 2023 அக்டோபரிலேயே 10 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது, கல்லீரலுக்கு ஆகாதாம். அப்புறம், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கும் அம்மாவுக்கும் ஒரு புட்டி கேட்டேன். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும் என்று மருந்தாளர் தடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் டாக்டரிடம் தோலில் ஒட்டிக்கொள்ளும் ஹார்மோன் பேட்ச் பற்றிப் பேசப்போகிறேன்.